மழைக்கு முன், மழைக்குப் பின்: செங்கல்பட்டு வட்டாரத்தில் வீட்டுத் தோட்டத்தின் ஓராண்டு

செங்கல்பட்டை அடுத்துப் புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றி இரண்டு சென்ட் அளவுக்கு மண் தரை இருப்பதாகவும், அதில் வீட்டுக்கு வேண்டிய காய்கறியும் பூச்செடிகளும் இரண்டு மூன்று மரங்களும் வைக்க விரும்புவதாகவும் எழுதி, ஆண்டு முழுவதும் எந்தப் பருவத்தில் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று இந்த ஆனி மாதத்தில் கேட்டிருக்கிறீர்கள். கையில் கிடைக்கும் மாதவாரி அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று நீங்கள் சொல்வது உண்மைதான். அவற்றுள் பல, குளிர்காலத்தில் மண்ணே உறைந்துபோகும் நாடுகளுக்காகவோ, பருவமழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பரோடு முடிந்துவிடும் வட இந்தியாவுக்காகவோ எழுதப்பட்டவை. வசந்தகாலத்தில் நடச் சொல்கிறார்களே என்று பங்குனியில் நாற்று நட்டால், அது வேர் பிடித்து நிமிர்வதற்குள் அக்கினி நட்சத்திரம் வந்துவிடும்.

நம் பக்கத்தில் தோட்டத்தின் ஆண்டை வகுத்துத் தருவது வடகிழக்குப் பருவமழை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1400 மில்லிமீட்டரும், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் ஏறத்தாழ 1200 மில்லிமீட்டரும் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல், அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் முடியும் வரையிலான பத்து வாரங்களில் கொட்டிவிடுகிறது. ஆனியிலிருந்து புரட்டாசி வரை மாலை நேரத்து இடிமழை விட்டுவிட்டுப் பெய்யும்; தையிலிருந்து வைகாசி வரை நம்பத்தக்க மழை என்று ஒன்று கிடையாது. 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்று நம் முன்னோர் கணக்கு வைத்திருந்தது இதனால்தான். ஐப்பசிக்கு முன் வேர் ஊன்றிக்கொண்ட செடி அடைமழையைத் தாங்கும், ஊன்றாதது அழுகும். கார்த்திகையில் பெய்ததை மண்ணுக்குள் பிடித்து வைத்தவருக்குக் கோடையில் தண்ணீர்ச் செலவு குறையும். கீழே நான் சொல்லும் வேலைகள் எல்லாம் இந்த இரண்டு காரியங்களுக்காகத்தான். இந்தக் கணக்கு கடலோர வட மாவட்டங்களுக்கு உரியது. இரண்டு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்துக்கும், மலைப்பகுதியான நீலகிரிக்கும் இதை அப்படியே கொண்டுபோக வேண்டாம்.

மாதக் கணக்குக்குப் போகும் முன் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புது வீட்டைச் சுற்றியுள்ள மண், தோட்ட மண் அன்று. கட்டட வேலையில் சிந்திய சிமென்ட்டும், சுண்ணாம்பும், செங்கல் தூளும், பூச்சுக் கலவையும் மேல் ஓரடிக்குள் கலந்து கிடக்கும். இவை மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடுவதால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. செம்பருத்தியிலோ இட்லிப்பூச் செடியிலோ நுனித்தளிர் எலுமிச்சை நிறத்துக்கு வெளுத்து, அதன் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. உரக்கடையில் இதற்குச் சத்து மருந்து தருவார்கள், ஆனால் கலவைக் குப்பை உள்ளே இருக்கும்வரை அந்த மருந்துக்கும் முடிவிருக்காது. சுவரை ஒட்டிய மூன்றடி அகலத்தையாவது ஓரடி ஆழம் தோண்டி, சல்லடையில் சலித்துக் கல்லையும் கட்டியையும் அப்புறப்படுத்தி, நல்ல செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள்.

அடுத்து வடிகாலைப் பாருங்கள். ஓரடி நீள அகல ஆழத்தில் ஒரு குழி வெட்டி, அதை நீரால் நிரப்பி, அந்த நீர் வடிந்த பின் மறுமுறை நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது மறுநாள் காலையிலும் நின்றால், அந்த இடத்தில் சமதளப் பாத்தி போடக் கூடாது. முக்காலடி உயர்த்திய மேட்டுப்பாத்திதான் ஏற்றது. மண் பரிசோதனைக்குக் காட்டாங்குளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

வெயிலின் போக்கைக் கவனிக்காமல் பலர் பாத்தி இடத்தைத் தேர்ந்துவிடுகிறார்கள். நம் ஊர் நில நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.7 பாகையில் இருக்கிறது. அதனால் சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆடி முடியும் வரை உச்சி வெயில் சற்று வடக்கே சாய்ந்து விழும். மற்ற மாதங்களில் தெற்கே சாயும், மார்கழியில் மிகுதியாகச் சாயும். ஆனியில் வீட்டின் வடபுறத்தைப் பார்த்து, இங்கே வெயில் நன்றாக விழுகிறதே என்று பாத்தி அமைத்தால், காய்கறிக்கு மிகச் சிறந்த காலமான மார்கழியிலும் தையிலும் அந்த இடம் வீட்டின் நிழலில் முழுகிக் கிடக்கும். காய்கறிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். ஆகவே அதைத் தென்புறத்திலும் கிழக்கிலும் வையுங்கள். வடபுறம் கறிவேப்பிலைக்கும் வெற்றிலைக்கும், தொட்டிச் செடிகளைக் கோடையில் ஒதுக்கி வைக்கவும் இருக்கட்டும்.

இப்போது ஆனி நடக்கிறது. முதல் வேலையாக மரத்துக்கான குழிகளை வெட்டிவிடுங்கள். மூன்றடி நீள அகல ஆழத்தில் வெட்டி, மேல் மண்ணையும் அடி மண்ணையும் தனித்தனியே குவித்து, இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயவிட்டு, பின்பு மேல் மண்ணோடு தொழு உரமும் இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து குழியை மூடி வைத்தால், ஆடி மழையில் அது இறுகி அமரும். கன்று நடும்போது தண்டும் வேரும் சேரும் அதன் கழுத்து, தரை மட்டத்துக்கு நான்கு விரல் மேலே இருக்கட்டும். மாங்கன்றாக இருந்தால் ஒட்டுக் கட்டிய இடம் ஒருநாளும் மண்ணுக்குள் போகக் கூடாது. அந்த ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும், இல்லையேல் சில ஆண்டுகளில் அடிக்கன்றே மரமாகி, நீங்கள் ஆசையாக வாங்கிய ரகம் மறைந்துபோகும். ஆடிக்காற்றைக் கருதி, கன்றுக்கு இரு புறமும் கழி நட்டு, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

இதே மாதத்தில் வேப்பமரங்களின் கீழே பழம் உதிர்ந்து கிடக்கும். இதைப் பெருக்கித் தள்ளாமல் பொறுக்கி, சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்கிலோ மண்பானையிலோ காற்றோட்டமாகச் சேமித்தால், ஓராண்டுக்கான பூச்சி மருந்து வீட்டிலேயே இருக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் அதன் வீரியம் போய்விடும்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னதன் பொருள் தோட்டத்தில் இறங்கினால்தான் விளங்கும். ஆடியில் விதைத்த வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கி, அடைமழைக்கு முன் வேண்டிய மட்டும் கொடுத்துவிடும். நாற்று விட்ட கத்தரி ஆவணியில் பாத்திக்கு மாறி, ஐப்பசிக்குள் மழையைத் தாங்கும் கட்டையைப் பெற்றுவிடும். புடலை, பீர்க்கு, பாகல், சுரை ஆகிய பந்தல் கொடிகளுக்கும் இதுவே காலம். அவற்றுக்கு விதை ஊன்றும் அன்றே பந்தல் போட்டுவிட வேண்டும், கொடி படர ஆரம்பித்த பிறகு கால் நட்டால் வேர் அறுபடும். தக்காளியை மட்டும் இந்தப் பட்டத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது அடைமழையில் மாட்டிக்கொண்டு, இலைக்கருகலிலும் பழ வெடிப்பிலும் பெரும்பகுதி வீணாகிவிடும்.

அவரை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பருவத்தின் அருமையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் செடி வேறு இல்லை. நம் பழைய பந்தல் அவரை, பகல் நீளம் குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் ஆவணி, புரட்டாசி முழுவதும் இலையும் கொடியுமாகப் படரும். பூ ஒன்று கூடத் தெரியாது. புதிதாக வளர்ப்பவர்கள் இந்த நேரத்தில் பொறுமையிழந்து, மேலும் மேலும் உரம் வைப்பார்கள், அதனால் இலைதான் பெருகும். கார்த்திகையில் பகல் நன்றாகச் சுருங்கியதும் கணுவுக்குக் கணு ஊதாவும் வெள்ளையுமாகப் பூங்கொத்து நீளும். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் வீட்டுக்குப் போக அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம். இதே விதையைத் தையில் ஊன்றினால், கொடி பந்தலை நிறைத்துவிட்டு அடுத்த கார்த்திகை வரை சும்மா இருக்கும். கடையில் குத்து அவரை என்று விற்கும் குட்டை ரகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஆனால் அந்தச் சுவையும் இல்லை என்பது என் எண்ணம்.

ஆவணியில் களையெடுப்பும், செடியின் அடியில் மண்ணைக் கூட்டி அணைப்பதும்தான் முக்கிய வேலைகள். கோரையை மேலே பிடுங்கிப் பயனில்லை. களைக்கொத்தியால் ஆழக் கிளறிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். மழை இடைவெளிகளில் பப்பாளி, செம்பருத்தி, கொய்யா ஆகியவற்றில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி வரும். அதைக் கண்டதும் விஷ மருந்துக்கு ஓடவேண்டாம் என்று சொல்வதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல சான்று உண்டு. 2008இல் கோவைப் பகுதியில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி, பப்பாளி எனப் பல பயிர்களைச் சூறையாடியது. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இந்தப் பூச்சியைத் தாக்கும் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து வளர்த்துத் தோட்டங்களில் விட்ட பிறகுதான், சில மாதங்களுக்குள் பூச்சியின் கொட்டம் அடங்கியது. கடும் மருந்து அடிக்கும் தோட்டத்தில் இந்தக் குளவிகளும், பொறிவண்டும், சிலந்தியும் முதலில் செத்துப்போகும். பூச்சி மட்டும் திரும்பி வரும். தொடக்கத்திலேயே கண்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். மிகுந்துவிட்ட கிளையை வெட்டி எடுத்துவிடுங்கள். அதற்கும் மிஞ்சினால் வேப்பங்கொட்டைக் கரைசல்.

புரட்டாசிதான் ஆண்டிலேயே அதிக உழைப்பைக் கேட்கும் மாதம் என்று நான் கருதுகிறேன். அந்த மாதத்தில் சோம்பி இருந்துவிட்டால், அதுவரை செய்த வேலை எல்லாம் ஒரே இரவு மழையில் போய்விடும். முதலில் தண்ணீரின் வழியைப் பாருங்கள். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே ஏறத்தாழ 930 லிட்டர் நீர் இறங்கும். கார்த்திகையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வது நம் பக்கத்தில் அரிதன்று. அவ்வளவு நீரும் குழாய் வழியாகப் பாத்தியில் விழுந்தால் மண்ணை அரித்துக்கொண்டு போகும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டிலும் தொட்டி அமைத்திருப்பார்கள். புது வீடுகளில் அந்தத் தொட்டிக்குள் கட்டட மணலும் சிமென்ட்டுச் சாந்தும் படிந்து அடைத்துக்கொண்டிருப்பது வழக்கம், ஆகவே மழைக்கு முன் கூழாங்கல்லை வெளியே எடுத்துக் கழுவி மீண்டும் நிரப்புங்கள். மாடியின் வடிகால் வாய்களில் இலை அடைக்காமல் வலை கட்டுங்கள். பாத்திகளுக்கு இடையே ஓரடி அகல வாய்க்கால் எடுத்து, அது தெருவுக்குப் போய்ச் சேராமல் மரங்களின் பக்கம் திரும்புமாறு சரிவு கொடுங்கள். வாய்க்கால் கரையில் வெட்டிவேர் நட்டால் மண் கரையாது.

தென்னை வைத்திருந்தால், அல்லது வைக்கப் போகிறீர்கள் என்றால், அடிமரத்திலிருந்து ஐந்தடி தள்ளிச் சுற்றிலும் வட்டமாகப் பள்ளம் எடுத்து, தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேல் நோக்க அடுக்கடுக்காகப் புதைத்து மண் மூடுங்கள். அந்தக் குழிவுகளில் மழைநீர் தங்கி, மட்டை நார் அதை உறிஞ்சி, பங்குனி சித்திரையிலும் வேருக்கு ஈரம் கொடுக்கும். ஒருமுறை புதைத்தால் சில ஆண்டுகளுக்குப் பயன்படும். மட்டைகளைத் தெருவோரம் கொட்டிவிட்டு லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகள் நம் பகுதியில் மிகுதி, அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி.

அடுத்தது மரங்களின் கவாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வேரோடு சாய்ந்த மரங்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல்வாட்டில் வேர் பரப்பி, அகன்ற தலை சுமக்கும் குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற மரங்கள் ஈரமான மண்ணில் காற்றை எதிர்த்து நிற்பது கடினம். உங்கள் இரண்டு சென்ட்டுக்குப் பெரிய மரம் ஒன்று போதும், அதுவும் சுவரிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். புங்கனோ மகிழமோ புன்னையோ நன்கு பொருந்தும். வேகமாக வளர்ந்து பச்சை மதில் போல நிற்கிறது என்று நர்சரிகளில் விற்ற கொனோகார்பஸ் கன்றை வாங்க வேண்டாம்; அதை நடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2025இல் தடை விதித்துவிட்டது. இருக்கும் மரங்களில் காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, வீட்டுப் பக்கம் நீண்ட கிளை ஆகியவற்றை மட்டும் புரட்டாசிக்குள் எடுத்துவிடுங்கள். தலையை மொட்டையடித்தால் அடுத்த ஆண்டு கிளம்பும் மெல்லிய போத்துகள் இன்னும் எளிதில் முறியும். முருங்கை மட்டும் இதற்கு விலக்கு: அதன் கட்டை உடையும் தன்மையது என்பதால், இடுப்புயரத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் புயலிலும் தப்பும், மாசியில் கைக்கெட்டும் உயரத்தில் பூத்துக் காய்க்கும். வெட்டிய வாயில் சாணம் பூசுங்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டிருக்கப் பழக வேண்டும். ஈர மண்ணில் மிதித்தால் அது இறுகிப்போகும். உரம் வைத்தால் மழையோடு ஓடிவிடும். தண்ணீர் தேங்கினால் அன்றைக்கே வடித்துவிடுவதும், சாய்ந்த செடியை நிமிர்த்திக் கட்டுவதும், இரவில் ஊரும் நத்தைகளைப் பொறுக்கி உப்பு நீரில் போடுவதுமே வேலை. ஈரச் சாக்கை மாலையில் விரித்து வைத்தால் காலையில் நத்தைகள் அதன் அடியில் சேர்ந்திருக்கும். தொட்டிகளின் அடித்தட்டுகளை எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு பரப்பும் கொசு, ஒரு வாரம் நிற்கும் ஒரு கை நீரிலேயே முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். மரத்தடியில் மண்ணை மூடப் போட்ட இலை, வைக்கோல் மூடாக்கை, தண்டை ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு சாண் விலக்கிவிடுங்கள்.

கார்த்திகை நடுவில் குண்டுமல்லிக்குக் கவாத்து செய்ய வேண்டும். நவம்பர் கடைசி வாரத்தில், இலைகளை உருவிவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் எல்லாக் கிளைகளையும் ஒரே மட்டமாக வெட்டினால், புதுத் துளிர் வந்து பங்குனியில் மொட்டுக் கட்டும். பூ புதுத்துளிரில்தான் வரும் என்பதால் வெட்டத் தயங்குவது பயன் தராது. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசியும் முல்லைக்கு ஜனவரி கடைசியும் ஏற்ற காலம்.

மார்கழி பிறந்ததும் தோட்டம் மறுபடி உங்கள் கைக்கு வரும். மழை தழைச்சத்தைக் கழுவிக்கொண்டு போயிருப்பதால் கீழிலைகள் மஞ்சளித்திருக்கும். மண்புழு உரமோ தொழு உரமோ ஒவ்வொரு செடிக்கும் இரண்டு கை கொடுத்து லேசாகக் கொத்திவிடுங்கள். இனி வரும் இரண்டரை மாதம் கீரைக்கும் முள்ளங்கிக்கும் பொற்காலம். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். விதையை இரண்டு பங்கு மணலோடு கலந்து தூவி, எறும்பு தூக்கிப் போகாமல் பாத்தி ஓரத்தில் சாம்பல் தூவுங்கள். முட்டைக்கோசும் காலிஃபிளவரும் கடலோரத்தில் ஆசைக்கு வளர்க்கலாமே தவிர, அதற்கு வேண்டிய இரவுக் குளிர் இங்கே சில வாரங்கள்தான்.

மார்கழிப் பனியோடு இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று, அவரைக் கொழுந்தில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சி. கொடியில் சாரை சாரையாக எறும்பு ஏறுவதைக் கண்டால் மேலே அசுவினி குடியேறிவிட்டது என்று கொள்ளலாம். அது கசியும் இனிப்பு நீருக்காகவே எறும்பு அதைக் காவல் காக்கிறது. விடியற்காலையில் பனி காயும் முன் சலித்த விறகுச் சாம்பலைத் தூவினால் இலையில் ஒட்டிக்கொண்டு பூச்சியை விரட்டும். மற்றொன்று, வெண்டையிலும் கொடிகளிலும் இலைமேல் மாவு தூவியது போலப் படியும் சாம்பல் நோய். முற்றிய இலைகளைக் கிள்ளி எடுத்துக் காற்று புக வழி செய்தால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். வளர்ந்த மாமரத்துக்கு மழை நின்றதும் நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு, பிஞ்சு பட்டாணி அளவு ஆன பிறகு மீண்டும் தொடங்க வேண்டும். இடையில் ஈரம் கிடைத்தால் பூவுக்குப் பதில் துளிர் வந்துவிடும். நீங்கள் நடப்போகும் ஒட்டுக் கன்றோ முதல் ஆண்டிலேயே பூத்துவிடும். முதல் மூன்று ஆண்டுப் பூவைக் கிள்ளி எறிய மனம் வராதுதான், ஆனால் கிள்ளினால்தான் மரம் தேறும்.

தைப்பட்டத்தில் தக்காளி, கத்தரி, கொத்தவரை, வெள்ளரி போடுங்கள். மதுராந்தகம் பக்கத்தில் தர்பூசணி போடுவதும் இப்போதுதான். தை மாதத்திலேயே மூடாக்கை முடித்துவிட வேண்டும். மண்ணில் ஈரம் இருக்கும்போது மூடினால்தான் அதைக் காக்க முடியும், மாசிக் கடைசியில் காய்ந்த மண்ணை மூடுவதால் என்ன பயன்? வைக்கோல், காய்ந்த இலை, தென்னை ஓலைத் துண்டு எதுவானாலும் நான்கு விரல் கனம் இருக்கட்டும். போகியன்று வீட்டுக்கு வீடு இலைக் குவியலுக்குத் தீ வைப்பதைப் பார்க்கையில், கோடை முழுவதும் செடியைக் காப்பாற்றக்கூடிய பொருள் இப்படிப் புகைந்து போகிறதே என்று மனம் வேகிறது.

மாசி, பங்குனியில் தண்ணீர் விடும் முறைதான் செடியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. தினமும் மேலாகத் தெளிப்பவர்களின் செடிக்கு வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்; மூன்று நாளைக்கு ஒருமுறை, ஒரு முழ ஆழத்துக்கு இறங்குமளவு விட்டால் வேர் கீழே போகும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு அளவு விட்டுப் பார்த்து, அங்கே ஈரம் இருந்தால் அன்றைக்கு விட வேண்டாம். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். இந்த வறண்ட மாதங்களில் தென்னை ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை ஈ முட்டையிடுவதைக் காணலாம். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் தென்பட்ட இந்தப் பூச்சி இப்போது பல மாவட்டங்களிலும் இருக்கிறது. அது கசியும் நீரில் கரும்பூசணம் படர்ந்து கீழே உள்ள செடிகள் எல்லாம் கரி பூசியது போல ஆகும். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆறடி உயரத்தில் கட்டுவதும், ஓலையின் அடிப்பக்கத்தில் நீரைப் பீய்ச்சுவதும், ஒட்டுண்ணிகள் பெருகும்வரை பொறுத்திருப்பதும் வீட்டு மரத்துக்குப் போதும்.

புல்தரை பற்றியும் கேட்டிருந்தீர்கள். முன்வாசலில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குமேல் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கொரியப் புல்லோ வேறு புல்லோ, கோடை முழுவதும் நாள் தவறாமல் நீர் கேட்கும், மழையில் வாரந்தோறும் வெட்டக் கேட்கும், ஒரு காய் தராது. அந்த இடத்தில் இட்லிப்பூ, நந்தியாவட்டை, ஆடாதோடை, மருதாணி என்று வேலி போல வரிசை வைத்தால், வேர் பிடித்த பிறகு குறைந்த நீரில் வாழும். ஆனியிலும் தையிலும் ஒரு வெட்டு வெட்டிவிட்டால் போதும்.

சித்திரையில் பாத்திகள் பெரும்பாலும் காலியாக இருக்கும், இருக்கட்டும். 'சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்பார்கள். அறுவடை முடிந்த பாத்தியை ஆழக் கொத்திப் புரட்டிப் போட்டால், மே 4 முதல் 28 வரை காயும் கத்திரி வெயிலில் நூற்புழுவும், கூட்டுப்புழுவும், கோரைக் கிழங்கும் வாடிச் சாகும். அந்த நாட்களில் மாடித் தொட்டிகளுக்குப் பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை கட்டி, தொட்டிகளை நெருக்கமாக ஒன்றுசேர்த்து வையுங்கள். எந்தச் செடிக்கும் உரம் வேண்டாம், கவாத்தும் வேண்டாம். கறிவேப்பிலை மட்டும் நீர் இருந்தால் செழித்துத் துளிர்க்கும். அதன் நுனியை மூன்றடி உயரத்தில் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும்.

வைகாசியில் முதல் கோடை மழை விழுந்ததும், காலிப் பாத்தியில் பசுந்தாள் உரச் செடிகளான சணப்பையோ தக்கைப்பூண்டோ நெருக்கமாக விதையுங்கள். 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது பிடுங்கி அதே இடத்தில் மடக்கி மூடினால், இரண்டு மூன்று வாரத்தில் மக்கிவிடும். ஆடிக் கடைசியில் விதைக்கப் போகும் பாத்திக்கே இதைச் செய்யுங்கள். ஆடி முதல் வாரத்திலேயே விதைக்க நினைக்கும் பாத்திக்குக் காலம் போதாது, அதற்குத் தொழு உரமே சரி. சேனை, சேப்பங்கிழங்கு, மஞ்சள் ஆகியவற்றை இதே வைகாசியில் மேட்டுப்பாத்தியின் ஓரமாக ஊன்றிவிடலாம். கிழங்கில் முளை மேல்நோக்கி இருக்கட்டும். முளை வரும்வரை வைக்கோல் மூடி வைத்து, மேல் மண் காய்ந்தால் மட்டும் நீர் தெளியுங்கள். மஞ்சள் பொங்கலுக்குக் கொத்தோடு பிடுங்கும் பருவத்துக்கு வந்துவிடும். சேனை, தண்டு மஞ்சளித்துத் தானாகச் சாயும்வரை காத்திருந்து தோண்ட வேண்டியது.